சீனத்தில் சைக்கிளுக்கு எத்தனை பெயர்? எந்த ஊரில் எதைச் சொல்வது?

வாசகர் | 4 அக்டோபர் 2025

பாடப்புத்தகத்தில் சைக்கிளுக்கு 'ட்ஸ்-ஷிங்-ச்சே' என்று இருக்கிறது. தைவான் கடைத் தளங்களில் 'ஜியாவ்-தா-ச்சே'. ஷென்ஜென் வாடகைச் செயலியில் 'தான்-ச்சே'. மூன்றும் ஒரே பொருள்தான், ஒன்றை மனப்பாடம் செய்தால் போதும், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதவும். உதிரிபாகம் வரவழைக்கும் வேலையும் இருக்கிறது; அதற்கு எந்தச் சொல் உதவும்?

மொழிபெயர்ப்பு மேசை | 4 அக்டோபர், மாலை

புரியும். மூன்றில் எதைச் சொன்னாலும் எந்த ஊர்ச் சீனருக்கும் சைக்கிள் என்று புரியும். ஆனால் அந்த ஊர்க்காரர் வாயில் வருவது வேறு, கடைப் பலகையில் இருப்பது வேறு, சட்டத்தில் இருப்பது வேறு. தேடும்போது அதுதான் காலை வாரும்.

'ச்சே' என்றால் சக்கரம் வைத்த வண்டி. முன்னால் ஒட்டுவதுதான் மாறுகிறது. 'ட்ஸ்-ஷிங்' தானாகப் போவது. 'ஜியாவ்-தா' காலால் மிதிப்பது. 'தான்' ஒற்றை. பெய்ஜிங்கிலும் வடக்கு முழுக்கவும், மக்கள் சீனத்தின் அரசு ஆவணங்களிலும் முதல் சொல். தைவானிலும் ஷாங்ஹாய் பேச்சிலும் இரண்டாவது. ஹாங்காங், குவாங்டாங் பக்கம் மூன்றாவது. அந்தப் பக்கத்துப் பேச்சான கான்டனீஸில் அதை 'தான்-ட்ஸே' என்பார்கள்.

'ச்சே'யின் கடைசி உயிரை நம் ஏகாரம் போல நீட்டி விரிக்க வேண்டாம். அகரத்துக்கும் எகரத்துக்கும் இடையில், உதடு குவியாமல் வர வேண்டும்.

கிள்ளான் | 5 அக்டோபர்

மலேசியா, சிங்கப்பூர் விடுபட்டுவிட்டது. இங்கே இன்னும் சுருக்கி 'ஜியாவ்-ச்சே', அதாவது கால்வண்டி. ஹொக்கியன் என்ற தெற்குச் சீனப் பேச்சு பேசுகிறவர்கள் 'கா-தா-ச்சியா'. டாக்சிக்கு இங்கே 'தே-ஷி', ஹாங்காங்கில் 'திக்-ஸீ'. இரண்டும் ஆங்கில ஒலியை இரண்டு ஊர்க்காரர்கள் தனித்தனியாக எழுத்தில் பிடித்தது. லாரிக்கு 'லுவோ-லீ'. நாம் லாரி என்று சொல்லும் அதே ஆங்கிலச் சொல்தான். பெய்ஜிங்கில் 'லுவோ-லீ' என்றால் திருதிருவென்று விழிப்பார்கள். அங்கே 'கா-ச்சே' அல்லது 'ஹுவோ-ச்சே'.

மொழிபெயர்ப்பு மேசை | 5 அக்டோபர்

மேலே உள்ள 'ஹுவோ-ச்சே'யில் ஓர் எச்சரிக்கை. சரக்கு வண்டியும் ரயிலும் தமிழ் எழுத்தில் ஒன்றுபோலவே வரும். இரண்டின் தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், வேறு. ரயிலின் 'ஹுவோ' (நெருப்பு) தாழ்ந்து வளையும் மூன்றாம் தொனி. சரக்கின் 'ஹுவோ' மேலிருந்து வெட்டென்று விழும் நான்காம் தொனி. தொனி பிசகினால் சரக்கு ஏற்ற லாரி கேட்கப் போய் ரயில் நிலையத்துக்கு வழி சொல்வார்கள்.

உதிரிபாகக் கடை | 6 அக்டோபர்

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். பாகம் தேடும்போது 'ட்ஸ்-ஷிங்-ச்சே பேய்-ஜியென்' (சைக்கிள் பாகங்கள்) என்று சீன எழுத்தில் போடுங்கள். மொத்த வியாபாரிகள் பொருள் விவரத்தில் எழுதுவது அதைத்தான். 'தான்-ச்சே' போட்டாலும் பொருள் வரும். கூடவே வாடகை சைக்கிள், உடற்பயிற்சிக் கூடத்தில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் என்று தேவையில்லாததும் குவியும். உடற்பயிற்சி சைக்கிளுக்கு 'துங்-கான் தான்-ச்சே' என்று பெயர், அதனால்தான்.

பாகங்களின் பெயர், நம் கடைப் பேச்சில்:

ஹேண்டில்பார்: வடக்கே 'ச்சே-பா'. ஷாங்ஹாய்ப் பக்கம் 'லுங்-தோ', அதாவது டிராகன் தலை. குழாய்க்கும் அதே சொல் என்பதால் தனியாக 'லுங்-தோ' என்று தேடினால் குளியலறைச் சாமான்தான் முதலில் வரும்.

ஹப் (ஸ்போக்குகள் வந்து சேரும் சக்கர நடுப்பகுதி): 'ஹுவா-கூ'. துளை எண்ணிக்கையைக் கட்டாயம் சொல்லுங்கள். 36 துளை ஹப்புக்கு 32 துளை ரிம் வாங்கிவிட்டால் சக்கரம் கோக்க முடியாது.

ஸ்போக்: எழுத்தில் 'ஃபூ-தியாவ்', கடையில் 'ச்சே-தியாவ்'. ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் நிப்பிள் 'தியாவ்-மாவ்'. நீளம் மில்லிமீட்டரில், கொக்கி வளைவின் உட்புறத்திலிருந்து மரை முனை வரை அளக்க வேண்டும். தடிமன் 'ஹாவ்' எண்ணில்: 14 ஹாவ் என்றால் 2.0 மி.மீ., 13 ஹாவ் என்றால் 2.3 மி.மீ. எண் குறைந்தால் கம்பி தடிக்கும். பாரம் ஏற்றும் வண்டிக்கு 13.

ஃப்ரீவீல் (பின் ஹப்பில் செயின் ஓடும் பல்சக்கரம்): இதில்தான் பணம் வீணாகும். பொதுப் பெயர் 'ஃபேய்-லுன்'. அதில் இரண்டு ஜாதி. 'ஷுவான்-ஃபேய்' ஹப்பின் மரையில் திருகி ஏறுவது. 'கா-ஃபேய்' ஹப் உடலில் உள்ள பள்ளங்களில் சறுக்கி உட்கார்ந்து, மேலே ஒரு வளையத்தால் பூட்டப்படுவது. ஒன்றின் ஹப்பில் மற்றது ஏறவே ஏறாது. கழற்றும் சாவியும் வேறு. '7 சூ' (ஏழு வேகம்) என்று மட்டும் எழுதினால் விற்பவர் கையில் இருப்பதை அனுப்பிவிடுவார். பழைய ஹப்பின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

உதிரிபாகக் கடை | 6 அக்டோபர், இரவு

வால்வை விட்டுவிட்டேன். டியூப் வாங்கும்போது மூன்று சொல்: 'யிங்-ட்ஸுய்', 'ஃபா-ட்ஸுய்', 'மேய்-ட்ஸுய்'. இங்கிலாந்து வாய், பிரான்ஸ் வாய், அமெரிக்க வாய். நம் ஊர்ப் பழைய சைக்கிளில் வால்டியூப் போடும் ஜாதி முதலாவது. பிரெஞ்சு வால்வு மெல்லியது, ரிம் துளை 6.5 மி.மீ.; அமெரிக்க வால்வு கார் டயர் போல, 8.5 மி.மீ. பெரிய துளையில் மெல்லிய வால்வைப் போட்டால் அசைந்து அசைந்து டியூப் அடியில் கிழியும்.

வால்டியூப் உட்கார்கிற நடுத்தண்டுக்கு 'ச்சீ-மென்-ஷின்'. அந்த ரப்பர் உறை நாளாக ஆகக் காய்ந்து வெடிக்கும். காற்று மெல்லக் கசியும். பஞ்சர் என்று டியூபைக் கழற்றும் முன் வால்வு வாயில் எச்சில் வைத்துப் பாருங்கள். குமிழ் வந்தால் மாற்ற வேண்டியது உறை மட்டும்.

வாசகர் | 7 அக்டோபர்

நான் ஒரு சொல் போதும் என்றேன், பாகத்துக்கு இருபது சொல் வந்துவிட்டது. நல்லது. ஒரு சந்தேகம். 'தானாகப் போகும் வண்டி' என்ற பெயர் மோட்டார் வைத்ததற்குத்தானே பொருந்தும்? மிதித்தால்தான் போகும் வண்டிக்கு எப்படி வந்தது?

மொழிபெயர்ப்பு மேசை | 8 அக்டோபர்

சொல் சைக்கிளுக்கு முந்தையது. மிங் காலத்து வாங் செங் 1627-இல் எழுதிய கருவி நூலில் 'ட்ஸ்-ஷிங்-ச்சே' என்று ஒரு வண்டியை விளக்குகிறார். பாரம் கீழே இறங்க, பல்சக்கரங்கள் சுற்றி வண்டியை நகர்த்தும் அமைப்பு. அங்கே பெயர் நேர்ப்பொருளில் பொருந்தியது.

சைக்கிளை ஐரோப்பாவில் பார்த்து எழுதிய சீன அதிகாரிகளில் பின்சுன் முந்தியவர். 1866-இல் பாரிஸ் தெருவில் இரண்டு சக்கரமும் கால் மிதியும் உள்ள வண்டியைக் குறித்திருக்கிறார். 1868-இல் சீன அரசு மேற்கு நாடுகளுக்கு அனுப்பிய பர்லிங்கேம் தூதுக்குழுவோடு போன சாங் தேயி தன் பயணக் குறிப்பில் 'ட்ஸ்-ஷிங்-ச்சே' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். இழுக்க மாடு இல்லை, குதிரை இல்லை, பின்னால் தள்ள ஆள் இல்லை. அந்தக் கண்ணுக்கு அது தானாகப் போவதுதான். மிதிப்பவர் வண்டியின் மேலேயே இருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம்.

அதே 1868 நவம்பரில் 'ஷாங்ஹாய் ஷின்-பாவ்' செய்தித்தாளில் நகருக்கு வந்த சில வண்டிகளைப் பற்றிய செய்தி இருக்கிறது. இரண்டு வகை சொல்கிறது: முன்னொன்று பின்னொன்றாகச் சக்கரம் இருக்க, உட்கார்ந்தவர் கால் நுனியால் தரையை உந்திப் போவது ஒன்று, காலால் மிதித்துச் சுற்றுவது இன்னொன்று. உந்தும் வகைக்கு 'கால்மிதி வண்டி' என்ற பெயர் பொருந்தாது, கவனித்தீர்களா? பெயர்கள் போட்டி போட்டதற்கு வண்டியே அன்று நிலைக்கவில்லை என்பதும் காரணம் என்று நினைக்கிறேன்.

கிள்ளான் | 8 அக்டோபர்

தைவான் ஹொக்கியனில் இன்னும் அழகான இரண்டு உண்டு. 'தீ-பே', இரும்புக் குதிரை. தெற்கே 'கோங்-பிங்-ச்சியா', கோங்மிங்கின் வண்டி. மூன்று அரசுகள் காலத்து அமைச்சர் சூகெ லியாங்கின் இன்னொரு பெயர் கோங்மிங். மலைப்பாதையில் படைக்குத் தானியம் கொண்டுபோக மர எருது, ஓடும் குதிரை என்று வண்டிகள் செய்தார் என்பது வரலாறு. மாடில்லாமல் ஓடும் எந்த வண்டியும் அவர் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது.

சிச்சுவான் பேச்சில் 'யாங்-மார்', வெளிநாட்டுக் குதிரை. குதிரை இங்கேயும் வந்துவிட்டது.

தைப்பே | 9 அக்டோபர்

தைவானில் ஜியாவ்-தா-ச்சே மட்டும்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சாலைச் சட்டத்தில் 'ட்ஸ்-ஷிங்-ச்சே'யும் உண்டு. பந்தய விளையாட்டுக்கு 'ட்ஸ்-யோ-ச்சே', சுதந்திர வண்டி. தேசியச் சங்கத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. 2009-இல் தைப்பேயில் தொடங்கிய யூபைக் வாடகைச் சேவையின் சீனப் பெயரோ 'வேய்-ஷியாவ் தான்-ச்சே', புன்னகை சைக்கிள். ஒரே தீவில் நாலு சொல்லும் வேலை செய்கின்றன, ஆளுக்கொரு துறை.

மலையேறும் சைக்கிளுக்குப் பெருநிலத்தில் (மக்கள் சீனத்தில்) 'ஷான்-தி-ச்சே', எங்களிடம் 'தெங்-ஷான்-ச்சே'.

மொழிபெயர்ப்பு மேசை | 9 அக்டோபர்

தான்-ச்சே தெற்கைத் தாண்டி வடக்கே பரவியது வாடகை சைக்கிளால்தான். 2008-இல் ஹாங்சோ நகரம் நிறுத்துமிடப் பூட்டோடு தொடங்கிய திட்டத்துக்குப் பெயர் 'பொது ட்ஸ்-ஷிங்-ச்சே'. 2016-க்குப் பிறகு ஓஃபோ, மோபைக் நிறுவனங்களின் வண்டிகள் தெருவெல்லாம் நிறைந்தபோது அது 'குங்-ஷியாங் தான்-ச்சே', பகிர்வு சைக்கிள். இரண்டே அசை, வாய்க்கும் விளம்பரத்துக்கும் ஏற்றது. ஆனால் 2017 ஆகஸ்டில் 10 அரசுத் துறைகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டு ஆவணத்தைப் பாருங்கள். அதில் 'இணையவழி வாடகை ட்ஸ்-ஷிங்-ச்சே' என்றுதான் இருக்கிறது. மக்கள் வாயில் தெற்குச் சொல், முத்திரை போட்ட தாளில் வடக்குச் சொல்.

வாசகர் | 10 அக்டோபர்

மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். 'ஜீ-ச்சே' என்று ஓர் அகராதியில் பார்த்தேன். எல்லா ஊருக்கும் பொதுவா?

தைப்பே | 10 அக்டோபர்

எங்களுக்கு ஜீ-ச்சே என்றால் ஸ்கூட்டர், பைக். எரிச்சலூட்டும் ஆளையும் 'ரொம்ப ஜீ-ச்சே' என்பார்கள். பெரியவர்கள் முன் சொல்லாதீர்கள். முதியவர்கள் வாயில் 'ஓ-தோ-பாய்', ஜப்பானியர் ஆண்ட காலத்தில் வந்தது.

மொழிபெயர்ப்பு மேசை | 11 அக்டோபர்

பெருநிலத்தில் ஜீ-ச்சே ரயில் எஞ்சின். மோட்டார் சைக்கிளுக்கு 'மோ-துவோ-ச்சே' என்று சொல்லுங்கள், எங்கும் பிழை வராது. ஒரே எழுத்து, இரண்டு ஊரில் இரண்டு வண்டி என்ற இந்த வகைதான் உண்மையான ஆபத்து. சைக்கிளின் மூன்று பெயர்கள் அந்த அளவுக்கு ஆபத்தில்லை.

'தியென்-தான்-ச்சே': நேர்ப்பொருள் மின் சைக்கிள். ஹாங்காங்கில் அது பெட்ரோல் மோட்டார் சைக்கிள். பெருநிலத்தில் பேட்டரி சைக்கிள்.

'குங்-ச்சே': தைவானில் டவுன் பஸ். பெருநிலத்தில் அரசாங்கக் கார், அதிகாரிகள் போவது. பஸ்ஸுக்கு அங்கே 'குங்-ஜியாவ்-ச்சே'.

'மான்-ச்சே': பெருநிலத்தில் எல்லா ஊரிலும் நின்று போகும் ரயில். தைவான் சாலைச் சட்டத்தில் மெதுவண்டி என்ற வகுப்பு. சைக்கிள் அதில்தான் வரும்.

'தியென்-ச்சே': ஹாங்காங்கில் டிராம். பெருநிலத்தில் முன்பு மேல்கம்பியில் ஓடும் டிராலிபஸ். இப்போது பேச்சில் மின்சாரக் கார், அதற்கு எதிர்ப்பதம் 'யோ-ச்சே', எண்ணெய் வண்டி. சிலர் மின் ஸ்கூட்டரையும் இப்படியே சொல்வதால் எத்தனை சக்கரம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

'ச்சீ-ச்சே': சீனத்தில் கார். அதே இரண்டு எழுத்து ஜப்பானில் 'கிஷா', ரயில். கொரியாவிலும் 'கிச்சா', ரயில். ஆவி வண்டி என்பதில் எந்த வண்டியை நினைத்தார்கள் என்பதுதான் வேறுபாடு.

உதிரிபாகக் கடை | 12 அக்டோபர்

பேட்டரி வண்டி விற்பவர்களும் படிப்பதால் இது முக்கியம். பெருநிலத்தில் 'தியென்-துங் ட்ஸ்-ஷிங்-ச்சே' என்பது வெறும் பெயரல்ல, ஒரு தர எல்லை. வேகம் மணிக்கு 25 கி.மீ., மோட்டார் 400 வாட், பேட்டரி 48 வோல்ட். இவற்றைத் தாண்டாத வரை அது மோட்டாரில்லா வாகனம். 2018 தரத்தில் எடை 55 கிலோ, மிதி கட்டாயம். 2025 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த 2024 தரத்தில் ஈய அமில பேட்டரி வண்டிக்கு 63 கிலோ வரை அனுமதி. மின்சாரத்தில் மட்டும் ஓடும் வகைக்கு மிதி தேவையில்லை. கடைகள் 2025 டிசம்பர் 1 முதல் புதுத் தர வண்டியைத்தான் விற்கலாம்.

எல்லையைத் தாண்டினால் பெயரே மாறிவிடும். 50 கி.மீ. வரை 'ச்சிங்-பியென் மோ-துவோ-ச்சே', இலகு மோட்டார் சைக்கிள். எஃப் வகை உரிமம் வேண்டும். அதற்கு மேல் இ வகை. தெருவில் எல்லாவற்றையும் செல்லமாக 'ஷியாவ்-தியென்-லூ', குட்டி மின்கழுதை, என்பார்கள். ஒப்பந்தத்தில் அதை எழுத முடியாது. சான்றிதழில் எந்தப் பெயர் அச்சாகி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தைப்பே | 12 அக்டோபர்

இங்கே 2022 நவம்பர் 30 முதல் பழைய 'தியென்-துங் ட்ஸ்-ஷிங்-ச்சே' என்ற வகைக்கு 'நுண் மின் இருசக்கர வண்டி' என்று பெயர் மாறி, எண் பலகை கட்டாயமானது. ஓட்ட 14 வயது ஆக வேண்டும். மிதித்தால் மட்டும் மோட்டார் உதவும் வகை தனி. அதற்கு ட்ஸ்-ஷிங்-ச்சே என்ற பெயர் நீடிக்கிறது.

மொழிபெயர்ப்பு மேசை | 14 அக்டோபர்

பெயரைவிட வினை முக்கியம். கால் பரப்பி ஏறி உட்காரும் எதற்கும் 'ச்சீ' (இரண்டாம் தொனி): சைக்கிள், பைக், குதிரை மூன்றுக்கும். ஸ்டியரிங் பிடித்து ஓட்டுவது 'காய்'. பயணியாக உட்கார்ந்து போவது 'ட்ஸுவோ'. மூன்று சக்கர வண்டியை மிதிப்பது 'தெங்'. கான்டனீஸில் சைக்கிளை 'ட்ஸாய்', அதாவது மிதி. காரை 'ஜா', பிடி. பஸ்ஸில் ஏறிப் போவது 'தாப்'. சைக்கிளுக்குக் 'காய்' போட்டால் மோட்டார் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

எண்ணும் சொல்லும் ஊருக்கு ஊர் மாறும். பொதுச் சீனத்தில் 'ஈ லியாங்' (ஒரு வண்டி), கான்டனீஸில் 'யாத் கா', தைவானில் 'தாய்'யும் கேட்கும்.

கிள்ளான் | 15 அக்டோபர்

மூன்று சக்கரத்துக்குத் தனி இழையே போடலாம். பொதுப்பெயர் 'சான்-லுன்-ச்சே'. ஷாங்ஹாயில் சரக்கு மிதிவண்டி 'ஹுவாங்-யூ-ச்சே', மஞ்சள் மீன் வண்டி. வடகிழக்கே, சரக்குப் பெட்டி முன்னாலும் மிதிப்பவர் பின்னாலும் இருக்கும் வண்டி 'தாவ்-ச்சீ-லூ', கழுதையில் பின்பக்கம் பார்த்து உட்காருவது. எட்டுச் சித்தர்களில் ஒருவரான சாங் குவோலாவ் அப்படித்தான் கழுதை ஏறுவார். பெய்ஜிங்கில் மோட்டார் வைத்த மூன்று சக்கரம் 'சான்-பெங்-ட்ஸ்'. குதித்துக் குதித்துப் போவதால்.

கை ரிக்‌ஷா ஜப்பானில் 'ஜின்-ரிகி-ஷா', மனித சக்தி வண்டி. அந்த 'ஷா' வேறொன்றுமில்லை, இங்கே இத்தனை நாளாகப் பேசும் 'ச்சே' எழுத்தின் ஜப்பானிய ஒலி. ஆகவே ரிக்‌ஷா என்று தமிழில் சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்த எழுத்து நம் வாயில் இருக்கிறது. 1874-இல் ஷாங்ஹாய்க்கு வந்தபோது கீழை நாட்டு வண்டி என்று 'துங்-யாங்-ச்சே'. பெய்ஜிங்கில் அது தேய்ந்து 'யாங்-ச்சே'. ஷாங்ஹாயில் வாடகை வண்டிகளுக்கு மஞ்சள் பூசச் சொன்னதால் 'ஹுவாங்-பாவ்-ச்சே'. தியான்ஜினில் சக்கர ரப்பரை வைத்து 'ஜியாவ்-பீ'. இந்தோனேசிய பெச்சாக் ஹொக்கியனின் 'பே-ச்சியா'விலிருந்து வந்தது. அங்கே அது குதிரை வண்டி.

உதிரிபாகக் கடை | 17 அக்டோபர்

பழைய வண்டி பிடிப்பவர்களுக்கு 'அர்-பா-தா-காங்', அதாவது 28 பெரிய பார்: 28 அங்குலச் சக்கரமும் மேலே நீளமான பாரும் உள்ள வண்டி. தியான்ஜினில் 1950-இல் தொடங்கிய ஃபேய்-கே (பறக்கும் புறா), ஷாங்ஹாயின் யுங்-ஜியூ (என்றென்றும்), ஃபெங்-ஹுவாங் (ஃபீனிக்ஸ்) மூன்றும் இதில் பேர்போனவை. கைக்கடிகாரம், சைக்கிள், தையல் மெஷின், ரேடியோ நாலும் சேர்ந்தால் 'மூன்று சுற்றும், ஒன்று ஒலிக்கும்' என்று கல்யாணத்துக்குக் கேட்ட காலம். கால் எட்டாத பிள்ளைகள் பாருக்கு அடியில் ஒரு காலை விட்டு மிதிப்பதற்கு 'தாவ்-தாங்' என்று பெயர். நம் குரங்குப் பெடல் அப்படியே.

டயர் வாங்கும்போது '28' என்ற எண்ணை நம்பாதீர்கள். இந்தப் பழைய வகை (ரோட்ஸ்டர்) வண்டியின் 28×1½ என்பது ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ.; நம் ஊர் 28 சைஸ் வண்டியும் இதுதான். இன்றைய 700சி வண்டிக்கும் சிலர் 28 என்று எழுதுவார்கள், அது 622. 13 மி.மீ. வித்தியாசம், ஒன்று ஏறாது, மற்றது கழன்று வரும். 26-லும் அதே கதை: 26×1⅜ என்றால் 590, மலை சைக்கிள் 26×1.75 என்றால் 559. டயர் பக்கச்சுவரில் 40-635, 37-590 என்று கோடு போட்ட எண் இருக்கும். அதை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

தைப்பே | 17 அக்டோபர்

செயின் கழல்வதை வைத்து ஒரு வழக்கு உண்டு: 'தியாவ்-லியென்-ட்ஸ்'. முக்கியமான நேரத்தில் கைவிட்டுவிடுவது. பெருநிலத்து வடக்கு வழக்கு. எங்கள் ஊர் இளைஞர்களும் இணையம் வழியாகக் கற்றுக்கொண்டார்கள்.

வாசகர் | 19 அக்டோபர்

என் பட்டியல் இது. பார்த்துச் சொல்லுங்கள்: ஹுவா-கூ 36 துளை, பின்பக்கம், ஃபேய்-லுன் 7 சூ, ச்சே-தியாவ் 14 ஹாவ், டியூப் 28, யிங்-ட்ஸுய்.

உதிரிபாகக் கடை | 19 அக்டோபர்

நாலு திருத்தம். ஃபேய்-லுன்னுக்கு முன்னால் 'ஷுவான்' அல்லது 'கா' வேண்டும். ஹப் வரும் ஜாதியைப் பார்த்து எழுதுங்கள். ஸ்போக்குக்கு நீளம் இல்லை. பின் சக்கரத்தில் ஃப்ரீவீல் பக்கம் ஒரு நீளம், எதிர்ப்பக்கம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூட இருக்கும். பழைய கம்பியை இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று கழற்றி அளந்து 18, 18 ஆகப் பிரித்து எழுதுங்கள். தியாவ்-மாவ் 36 தனியாகச் சேருங்கள், கம்பியோடு வரும் என்று நினைத்துவிட வேண்டாம். டியூபுக்கு 28 என்பதை அடித்துவிட்டு 635 என்று போடுங்கள். ச்சீ-மென்-ஷின்னும் ரப்பர் உறையும் ஒரு பத்து சேர்த்து வாங்கினால் கூரியர் செலவில் பெரிய வித்தியாசம் வராது.